போதும் என்று யார் சொல்வது? அமெரிக்க இலக்கியத்தில் கனவும் பேராசையும்

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலைப் படித்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் அந்தப் பச்சை விளக்கைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பார்ட்டிகளை. எனக்கு ஞாபகம் வருவது கடைசி அத்தியாயத்தில் வரும் ஒரு கிழவர். நாவலின் நாயகன், பெரும் பணக்காரன் காட்ஸ்பி சுடப்பட்டு இறந்துவிட்டான். கோடை முழுக்க அவன் வீட்டில் குடித்துக் கும்மாளமடித்த கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மினசோட்டாவின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து அவன் அப்பா மட்டும் வந்து சேர்கிறார். மகனுடைய மாளிகையின் போட்டோ ஒன்றை அவர் எப்போதும் வைத்திருக்கிறார், மூலைகள் விரிசல் விட்டு, பல கைகள் பட்டு அழுக்கேறிப் போன போட்டோ. அந்த மாளிகைக்குள்ளேயே நின்றுகொண்டு அதன் போட்டோவை எடுத்துக் காட்டுகிறார். ஊரில் அத்தனை பேரிடம் காட்டியிருப்பார் போல, நிஜ வீட்டைவிட அந்தப் போட்டோதான் அவருக்கு நிஜம்.

அப்புறம் பையிலிருந்து ஒரு கிழிந்த கௌபாய் கதைப் புத்தகத்தை எடுத்து அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார். 1906 செப்டம்பர் 12 என்று தேதி போட்டு, சிறுவனாக இருந்தபோது மகன் எழுதி வைத்த அட்டவணை. காலை 6 மணிக்கு எழுவது, 6.15-க்கு டம்பெல், சுவரேறும் பயிற்சி, 7.15 முதல் மின்சாரம் முதலியவற்றைப் படிப்பது, 8.30 முதல் 4.30 வரை வேலை, அரை மணி நேரம் பேஸ்பால், பிறகு பேச்சும் தோரணையும் பழகுவது, இரவு 7 முதல் 9 வரை தேவையான கண்டுபிடிப்புகளைப் பற்றிப் படிப்பது. கீழே சில தீர்மானங்கள். புகையிலையை விட வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்க வேண்டும், வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும். அந்த 5 டாலரை அடித்துவிட்டு 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான். கடைசி வரி, அப்பா அம்மாவிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்பது. கிழவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கதைசொல்லி நிக்கின் முகத்தை ஆவலோடு பார்க்கிறார். நானும் அதைப் பார்த்து எழுதிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது என்கிறான் நிக்.

பேராசை பெருநஷ்டம், அதைத்தான் இப்படிப்பட்ட அமெரிக்க நாவல்கள் சொல்கின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் போல இருக்கும். அந்த அட்டவணையில் பேராசை எங்கே இருக்கிறது? நம் வீட்டுப் பையன் இப்படி எழுதி வைத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட மாட்டோமா? அந்தப் பையன்தான் வளர்ந்து, மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில் மருந்துக்கடை என்ற பேரில் சாராயம் விற்று, திருட்டுப் பத்திரங்களில் கைவைத்துப் பணக்காரனாகிறான். அட்டவணைக்கும் சாராயத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் அமெரிக்க எழுத்தாளர்கள் இருநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

அந்த அட்டவணை காட்ஸ்பியின் சொந்தக் கற்பனை இல்லை, அதற்கு ஒரு தாத்தா இருக்கிறார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1706-இல் பாஸ்டனில் மெழுகுவர்த்தி செய்து விற்றவரின் மகன், 17 பிள்ளைகளில் 15-ஆவது. 1723-இல் 17 வயதில் ஊரைவிட்டு ஓடி பிலடெல்பியாவில் இறங்கி, இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு ரொட்டியை இடுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தின்றபடி தெருவில் நடந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, தவறும்போதெல்லாம் நோட்டில் கறுப்புப் புள்ளி வைத்து, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் கட்டம் கட்டிப் பிரித்து வைத்தவர். உழைத்தால் மட்டும் போதாது, உழைப்பது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தெருவழியே தள்ளிக்கொண்டு போனாராம், கடைக்காரர்களிடம் நல்ல பேர் எடுக்க. ஏழையாகப் பிறந்தவன் ஒழுங்கும் சிக்கனமும் உழைப்பும் இருந்தால் எந்த உயரத்துக்கும் போகலாம் என்ற அமெரிக்க நம்பிக்கைக்கு அந்தப் புத்தகம்தான் அரிச்சுவடி.

ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் இரண்டு விஷயங்களைக் கழற்றிவிட்டார்கள். ஒன்று, அவருடைய கால அட்டவணையில் காலையில் இன்று என்ன நன்மை செய்யப் போகிறேன் என்று ஒரு கேள்வியும், மாலையில் இன்று என்ன நன்மை செய்தேன் என்று ஒரு கேள்வியும் இருக்கும். காட்ஸ்பியின் பட்டியலில் அது அப்பா அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது, அதுவும் கடைசியில். இன்னொன்று, நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது, ஃபிராங்க்ளின் நிறுத்திக்கொண்டார். 1748-இல், 42 வயதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சகத்தைக் கூட்டாளி கையில் ஒப்படைத்துவிட்டு மின்சார ஆராய்ச்சிக்கும் பொது வேலைக்கும் போய்விட்டார். அவர் வடிவமைத்த அடுப்புக்குக் காப்புரிமை தருகிறேன் என்று கவர்னரே சொன்னபோதும் வேண்டாமென்றார், மற்றவர்களின் கண்டுபிடிப்புகளால் நாம் பலனடைகிறோம், நம்முடையதையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று. அவருக்குப் போதும் என்று சொல்லத் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், இந்தப் 'போதும்' மட்டும் யார் நோட்டிலும் ஏறவில்லை.

அமெரிக்கக் கனவு என்ற சொல்லே நாட்டில் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது 1931-இல், ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய நூலால்தான். பொருளாதாரம் தரைதட்டிக் கிடந்த நேரம் அது. அவரும் இது வெறுமனே மோட்டார் காரும் பெரிய சம்பளமும் சம்பந்தப்பட்ட கனவு இல்லை, ஒவ்வொரு ஆணும் பெண்ணும் தனக்குள் இருக்கும் திறமையின் முழு உயரத்துக்கு வளர முடிகிற ஒரு சமூகத்தைப் பற்றியது என்றுதான் எழுதினார். அப்படி அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றாலே, மக்கள் அதற்குள் காரையும் சம்பளத்தையும்தான் கனவு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது.

சிக்கனம் எந்த இடத்தில் பேராசையாகத் திரும்புகிறது என்பதை ஃபிராங்க் நாரிஸ் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் யாருமில்லை. 1899-இல் வந்த 'மெக்டீக்' நாவல். சான் ஃபிரான்சிஸ்கோவின் போல்க் தெருவில் டிப்ளமோ இல்லாமலே பல் வைத்தியம் செய்யும் மெக்டீக், அவனிடம் பல் காட்ட வரும் டிரீனா. வைத்தியத்துக்குக் காத்திருக்கும்போது, வீடு பெருக்கும் பெண் நச்சரிக்கிறாளே என்று ஒரு டாலருக்கு லாட்டரிச் சீட்டு வாங்குகிறாள். 5,000 டாலர் விழுகிறது. டிரீனா அதை ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடி மாமாவின் கடையில் 6 சதவீத வட்டிக்குப் போடுகிறாள், மாதம் 25 டாலர் வருகிறது. அதோடு பொம்மை மிருகங்கள் செதுக்கி விற்று அந்தக் காசையும் சேர்க்கிறாள். அந்த மூலதனத்தில் கை வைக்க மாட்டேன் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கங்கள் போகப்போக அந்தப் பிடிவாதம் அவளைத் தின்ன ஆரம்பிக்கிறது. கணவனுக்கு டிப்ளமோ இல்லை என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்து தொழில் போன பிறகு, சின்ன அறைக்கு, அதைவிடச் சின்ன அறைக்கு என்று மாறிக்கொண்டே போகிறார்கள், வங்கியில் போட்டது போல 5,000 டாலர் மாமாவிடம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு நாள் இருந்த சின்ன வேலையும் போய் அவன் வீட்டுக்கு வருகிறான். கையிலிருந்த சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உடனே வேறு வேலை தேடு என்று வெளியே அனுப்புகிறாள். வண்டிக்கு ஐந்து சென்ட் கொடு என்கிறான். நடந்து போ, மழையெல்லாம் வராது என்கிறாள். மழை வருகிறது, நனைந்து நடுங்குகிறவனை வழியில் தெரிந்தவர் ஒருவர் சாராயக் கடைக்குள் அழைத்துப் போகிறார், அங்கிருந்து அவன் வேறு ஆளாகிவிடுகிறான். கொலை, ஓட்டம் எல்லாம் பின்னால் வருகின்றன, எனக்கு அந்த ஐந்து சென்ட்தான் நாவலின் நெஞ்சாங்குலை. டிரீனாவோ தங்கக் காசுகளை சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறாள், சின்னக் காசுகளை வாயில் போட்டுச் சப்புகிறாள், கடைசியில் முழுப் பணத்தையும் மாமாவிடமிருந்து தங்கமாகவே வாங்கிவந்து படுக்கையில் பரப்பி அதன்மேல் உடம்பு படப் படுத்துத் தூங்குகிறாள். அந்தப் பணத்தால் அவள் வாங்கிய ஒரே சுகம் அதுதான்.

முடிவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவளைக் கொன்று பணத்தோடு ஓடும் மெக்டீக்கைப் பழைய நண்பன் மார்க்கஸ் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்தில் பிடிக்கிறான். தண்ணீர்க் குடுவையைச் சுமந்த கோவேறு கழுதை சுடப்பட்டு, குடுவையில் ஓட்டை விழுந்து, இருந்த தண்ணீரும் மண்ணில் போகிறது. இருவரும் சாகப்போவது உறுதி. அப்போதும் அந்தக் காசு யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள். மார்க்கஸைக் கொன்றுவிட்டு எழுந்திருக்கும்போதுதான் மெக்டீக் கவனிக்கிறான், சாகும் முன் தன் மணிக்கட்டோடு அவன் மணிக்கட்டைக் கைவிலங்கில் பூட்டியிருக்கிறான் மார்க்கஸ். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இந்த நாவலைப் படமாக்கியபோது நிஜமாகவே அந்தப் பாலைவனத்துக்குப் போய்த்தான் எடுத்தார், 1924-இல் வந்த அந்தப் படத்தின் பேரே 'கிரீட்', பேராசை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பழைய சாமான் வாங்கும் யூதர் ஒருவரை நாரிஸ் சித்திரித்த விதம் அப்பட்டமான இன வெறுப்பு. பேராசை எல்லோருக்குள்ளும் எப்படி முளைக்கிறது என்று இவ்வளவு கூர்மையாக எழுதியவர், ஒரு மனிதரிடம் மட்டும் அதைப் பிறவிக் குணமாக்கிவிட்டார். அந்தப் பக்கங்களைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

மார்க் ட்வைன் இதே நோயைத் தன் வீட்டிலேயே பார்த்தவர். அவர் அப்பா டென்னஸியில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தைச் சல்லிசாக வாங்கிப் போட்டு, ஒரு நாள் இது உங்களைப் பணக்காரராக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு 1847-இல் ஏழையாகவே போய்ச் சேர்ந்தார். ஏழையாக வாழ்க்கையைத் தொடங்குவது நல்லது, பணக்காரனாகத் தொடங்குவதும் நல்லது, வரப்போகும் பணத்தை நம்பித் தொடங்குவதைப் போல ஒரு சாபம் கிடையாது என்கிற அர்த்தத்தில் ட்வைன் பின்னாளில் எழுதினார். 1873-இல் சார்லஸ் டட்லி வார்னரோடு சேர்ந்து எழுதிய 'தி கில்டட் ஏஜ்' நாவலில் அந்த நிலமே வருகிறது. தங்க முலாம் பூசிய காலம் என்ற அந்தத் தலைப்புதான் அமெரிக்க வரலாற்றில் ஒரு சகாப்தத்துக்கே பெயராக நிலைத்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவரும் ஒரு அச்சுக்கோக்கும் இயந்திரத்தை நம்பிச் சொத்தையெல்லாம் கொட்டி 1894-இல் திவாலானார், கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்தார். 1896-இல் இந்தியாவுக்கு வந்ததும், திரும்பும் வழியில் சென்னையில் ஒரு நாள் நின்றதும், கொழும்புக்குப் போனதும் அந்தக் கடன் பயணத்தில்தான். ஒரு காசு விடாமல் திருப்பிக் கொடுத்தார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடுதல்.

இதுவரை பார்த்ததெல்லாம் தனி மனிதனின் ஆசை. தியடோர் டிரைசர் 1912-இல் எழுதிய 'தி ஃபைனான்சியர்' நாவலில் ஒரு சிறுவன் மீன் கடைத் தொட்டியின் முன் நிற்கிறான், உள்ளே ஒரு சிங்க இறாலும் ஒரு கணவாயும். நாளுக்கு நாள் கணவாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஒரு நாள் முடிந்துபோகிறது. இறால் கணவாயைத் தின்கிறது, இறாலை மனிதன் தின்கிறான், மனிதனை? மனிதன்தான் என்று முடிவு கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான், வளர்ந்து நிதிச் சந்தையில் பெரும்புள்ளி ஆகிறான்.

ஜான் ஸ்டைன்பெக் என்ற நாவலாசிரியர் வரும்போது தின்கிறவனுக்கு முகமே இல்லாமல் போகிறது. 1939-இல் வந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தை யாராவது சத்தமாகப் படித்துக் கேட்க வேண்டும். ஒக்லஹோமாவில் கடனில் போன நிலத்தை உழ டிராக்டர் வருகிறது, வழியில் இருக்கும் குடிசையையும் இடிக்கப் போகிறது. இந்த வீட்டை நான் கையால் கட்டினேன், பழைய ஆணிகளை நிமிர்த்தி அடித்தேன், கிட்டே வந்தால் சுட்டுவிடுவேன் என்கிறான் குத்தகைக்காரன். டிராக்டரில் இருப்பவன் தெரிந்தவர் வீட்டுப் பையன்தான், நாளுக்கு மூன்று டாலர் கூலிக்கு வந்தவன். என்னைச் சுட்டால் உன்னைத் தூக்கில் போடுவார்கள், நீ தொங்குவதற்கு முன்பே இன்னொருவன் டிராக்டரில் வருவான் என்கிறான். உனக்கு உத்தரவு போட்டவனைச் சுடுகிறேன். அவனுக்கு வங்கி உத்தரவு போட்டது. வங்கியின் தலைவரைச் சுடுகிறேன். அவருக்குக் கிழக்கேயிருந்து உத்தரவு வந்தது, லாபம் காட்டு, இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று. அப்படியென்றால் நான் யாரைத்தான் சுடுவது? சுடுவதற்கு யாருமே இல்லையோ என்னவோ என்கிறான் பையன்.

அங்கிருந்து, இந்த நாவல் பின்தொடரும் ஜோட் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போவது ஒரு மஞ்சள் நோட்டீஸை நம்பி, பழம் பறிக்க ஆள் தேவை என்ற நோட்டீஸ். வழியில் எதிரே திரும்பி வரும் கந்தல் மனிதன் ஒருவன் அந்தக் கணக்கை விளக்குகிறான். தேவைப்படுவது 800 பேர், அச்சடிப்பது 5,000 நோட்டீஸ், பார்ப்பது 20,000 பேர். பசியோடு எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ அத்தனைக்குக் கூலி இறங்கும். அமெரிக்கக் கனவையே கூலியைக் குறைக்கும் கருவியாக்கிய நோட்டீஸ் அது. அப்புறம் விலை விழக்கூடாது என்று ஆரஞ்சுக் குவியல்மேல் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள், பசித்த பிள்ளைகள் கண்ணெதிரே. கதை நடக்கும் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியிலேயே அதே 1939-இல் பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் புத்தகத்தைத் தடை செய்தார்கள்.

இந்த வரிசையில் வில்லி லோமனை எங்கே வைப்பது? ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949 பிப்ரவரி 10-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 63 வயது வில்லி, ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிப்பவன். பெட்டியில் என்ன சரக்கு என்று நாடகம் கடைசி வரை சொல்வதில்லை. வில்லியைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் கவலையெல்லாம் தவணைகள்தான், ஃபிரிட்ஜுக்கு, காருக்கு, வீட்டுக்கு. கட்டி முடிக்கிற அன்றைக்குச் சாமான் கெட்டுப்போகிற மாதிரி கணக்குப் பண்ணித்தான் செய்கிறார்கள் என்று புலம்புவான். ஆனால் அவன் தலைக்குள் எப்போதும் அண்ணன் பென் நிற்கிறான், 17 வயதில் காட்டுக்குள் போய் 21 வயதில் வைரத்தோடு வெளியே வந்தவன். அந்த அண்ணன் தலைக்குள் இருக்கிற வரைக்கும், தோட்டம் போட்டு, சிமென்ட் பூசி, கையால் வேலை செய்த நாட்களில்தான் தான் சந்தோஷமாக இருந்தோம் என்பது வில்லிக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டு சார்லி வாரம் 50 டாலர் சம்பளத்துக்கு வேலை தருகிறேன் என்றால் வேண்டாம் என்பான், அதே சார்லியிடம் வாராவாரம் 50 டாலர் கடன் வாங்குவான்.

அவன் ஆசைப்பட்டது ஒரு பெரிய சாவு ஊர்வலத்துக்கு. 84 வயதிலும் ஹோட்டல் அறையில் பச்சை வெல்வெட் செருப்போடு உட்கார்ந்து போனிலேயே ஆர்டர் பிடித்த ஒரு சேல்ஸ்மேனின் இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்களாம். தன் உயிரை 20,000 டாலர் இன்ஷூரன்ஸாகக் கணக்குப் போட்டு வில்லி செத்த பிறகு அவன் அடக்கத்துக்கு வந்தவர்கள் மனைவி, இரண்டு மகன்கள், சார்லி, சார்லியின் மகன். காட்ஸ்பிக்கும் இதேதான், அப்பா, நிக், சில வேலைக்காரர்கள், தபால்காரர், நூலகத்தில் புத்தகங்கள் நிஜமானவைதானா என்று தொட்டுப் பார்த்து வியந்த கண்ணாடிக்காரர். வீட்டின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன் என்று கல்லறையிடம் சொல்லி அழுகிறாள் வில்லியின் மனைவி லிண்டா.

இவர்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், வரிசையில் நிற்கவாவது இடம் கிடைத்தவர்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959-இல் எழுதிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் வரிசையிலேயே சேர்க்கப்படாத ஒரு சிகாகோ கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியது. முதல் காட்சியிலேயே பள்ளிக்குப் போகும் மகன் 50 சென்ட் கேட்கிறான், அம்மா இல்லை என்கிறாள், அப்பா வால்டர் பெருமையாக எடுத்துக் கொடுத்து, மேலும் ஒரு 50 சென்டும் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போக வண்டிக்குக் காசில்லாமல் மனைவியிடமே வந்து நிற்கிறான். டிரீனா தர மறுத்த ஐந்து சென்டையும் இந்த 50 சென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வால்டரின் இறந்துபோன அப்பாவுடைய இன்ஷூரன்ஸ் 10,000 டாலர் வரப்போகிறது, வால்டருக்கு அதில் மதுக்கடை வைக்க வேண்டும். ஏன் எப்போதும் பணத்தைப் பற்றியே பேசுகிறாய் என்று வால்டரின் தாய் கேட்கிறாள். பணம்தானே அம்மா வாழ்க்கை என்கிறான். எங்கள் காலத்தில் விடுதலைதான் வாழ்க்கையாக இருந்தது என்கிறாள் அவள். இல்லை, எப்போதுமே பணம்தான், நமக்குத் தெரியாமல் இருந்தது என்கிறான். இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று இத்தனை வருஷமாக என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கையில் வந்த பணத்தைக் கூட்டாளி ஏமாற்றி எடுத்துக்கொண்டு ஓடிய பிறகு, தாய் முன்பணம் கொடுத்து வாங்கிய வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம், அதற்குப் பதில் பணம் தருகிறோம் என்று அந்த வெள்ளையர் குடியிருப்பின் ஆள் வருகிறார். வால்டருக்குப் பணம் இப்போது முன்னெப்போதையும்விடத் தேவை. மகனை எதிரே நிற்க வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறான். முழு நாடகத்திலும் அந்த ஒரு இடத்தில்தான் அவன் வாயிலிருந்து விலை பேசாத ஒரு வார்த்தை வருகிறது. அந்தக் குடியிருப்பு ஆளிடம் வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இன்னொருவனுக்கும் அதே கிடைத்தால் தன்னுடையது குறைந்துவிடும் என்று பயப்படுகிறார். பேராசை என்றால் என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஹான்ஸ்பெரிக்கு இது கற்பனை இல்லை. 1937-இல் அவருடைய குடும்பம் சிகாகோவின் வெள்ளையர் பகுதி ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறியது, ஜன்னல் வழியே எறியப்பட்ட கல் ஏழெட்டு வயதுச் சிறுமியாக இருந்த அவர் தலையில் படாமல் தப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்குக்காக அப்பா வாஷிங்டனில் இருந்த நாட்களில், நான்கு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, குண்டு நிரப்பிய ஜெர்மன் துப்பாக்கியோடு இரவு முழுக்க வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாராம் அவருடைய அம்மா.